குழாயை நேராக விடச் சம்மதிக்காதே

அன்புள்ள கற்பகம்,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டுவாய். நேரில் வரும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாலதி வழக்கம்போல முதல் ஆளாகக் கோபித்துக்கொண்டு, முதல் ஆளாகச் சமாதானமும் ஆகிவிட்டாள். மற்றதெல்லாம் பிறகு. உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் வேறு எதுவும் ஓடவில்லை. புது சிங்க்குக்கு டிராப், அதாவது அடியில் வளைந்திருக்கும் வடிகுழாய், தேவையில்லை, நெளிகுழாயை நேரே சுவர்த் துளையில் செருகிவிடலாம் என்று பிளம்பர் சொல்கிறாராம், நீயும் சரி என்று சொல்லிவிட்டாயாம்.

சம்மதிக்காதே. இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தாலும் மாற்றச் சொல். பள்ளியில் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கிய நீ, ஒரு பிளம்பரிடம் "ஏன்?" என்று கேட்காமல் விட்டாய் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

எங்கள் சமையலறையில் புது சிங்க் வைத்தபோது அடியில் உள்ள குழாய்களை நானே பொருத்தினேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். டிராப்பின் அந்த வளைவு அழுக்கைப் பிடிப்பதற்காக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. ஒவ்வொரு முறை தொட்டி வடிந்த பிறகும் வளைவுக்குள் ஐந்து, ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தங்கிவிடும். சாக்கடைக் காற்று அதைத் தாண்டி வர முடியாது, கரப்பான் பூச்சியும் எளிதில் வராது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத ஒரு கதவு! இந்த வளைவைக் கழிப்பறைக்காக 1775இல் காப்புரிமை செய்தவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர். உன் தம்பியிடம் அவசியம் சொல். அவன் பிரித்துப்போட்டு மூடாமல் விட்ட கடிகாரங்களுக்கு இனி ஒரு மரியாதை கிடைக்கும்.

இது வெறும் நாற்றத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2003இல் சார்ஸ் என்ற சுவாச நோய் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, குளியலறைத் தரையில் இருந்த வடிகால் வளைவுகள் நீரில்லாமல் காய்ந்து கிடந்தது. காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போட்டதும் கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் இழுக்கப்பட்டிருக்கிறது. ஒரு கை நீர் இல்லாததால் வந்த வினை, கற்பகம். நீயோ மகள் வீட்டுக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிடுகிறாய். டிராப் பொருத்திய பிறகும் திரும்பி வந்த உடனே எல்லாக் குழாய்களையும் திறந்து கொஞ்சம் நீர் விடு. ஆவியாகிப் போன இடம் நிரம்பிவிடும்.

நெளிகுழாய் மேல் எனக்கு வேறொரு கோபமும் உண்டு. அதன் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும், அதன் மேல் பருக்கை ஒட்டும், பிறகு சோப்பு நுரை ஒட்டும். நடுவில் தொய்ந்தால் அங்கேயே தேங்கும். உள்பக்கம் வழுவழுப்பாக இருக்கும் நேர்க்குழாயில் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். இடம் மிச்சமாகிறது என்று குப்பி வடிவில் இருக்கும் பாட்டில் டிராப்பைக் காட்டினால் அதையும் வேண்டாம் என்று சொல். கைகழுவும் தொட்டிக்கு அது பரவாயில்லை. சமையலறைப் பிசுக்கு அதன் அடியில் சேறாக உட்கார்ந்துவிடும். பக்கவாட்டில் சுவருக்குப் போகிற பி டிராப்தான் வேண்டும். வளைவிலிருந்து நேராகத் தரைக்குள் இறங்குகிற வகை வேண்டாம். தொட்டி வேகமாக வடியும்போது அந்த நீரே குழாயை நிறைத்துக்கொண்டு இறங்கி, வளைவில் தங்க வேண்டிய நீரையும் கூடவே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வடிந்து முடியும்போது களக் களக் என்று சத்தம் கேட்டால் அதுதான் நடக்கிறது.

இப்போது நான் மிகவும் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். பெரிய பாத்திரங்கள் கொள்ளும்படி ஆழமான சிங்க் வாங்கியிருப்பதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். தொட்டி ஆழமானால் அதன் வடிவாய் கீழே இறங்கிவிடும். சுவரில் இருக்கும் துளையோ பழைய தொட்டிக்காகப் போட்டது, அது இறங்காது. டிராப்பிலிருந்து வெளியேறும் குழாய் சுவர்த் துளையைவிடத் தாழ்ந்துபோனால் நீர் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும். அப்போது நாள் முழுதும் குழாயில் அழுக்கு நீர் நிற்கும். மேடைக் கல்லை வெட்டுவதற்கு முன்பே அளந்து பார். டிராப்பிலிருந்து சுவர் வரை ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல், கண்மதிப்பு போதாது. சரிவு கிடைக்கவில்லை என்றால் சுவரை உடைத்துத் துளையைக் கீழே இறக்கத்தான் வேண்டும். தூசிக்குப் பயந்து அதை ஒத்திப்போடாதே.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார். தொட்டியின் ஓட்டையில் வேஸ்ட் கப்ளிங் (தொட்டியைக் குழாயோடு இணைக்கும் துண்டு) உட்காரும் இடத்தில் மேல்பக்கம் சிலிகான் பூச வேண்டும். அடியில் முதலில் ரப்பர் வாஷர், அதற்குக் கீழே வழுக்குகிற மெல்லிய வளையம், பிறகு நட். அந்த வளையம் வேண்டாத பொருள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், விடாதே. அது இல்லாவிட்டால் நட் திருகும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு கசியும்.

டிராப்பின் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை. அங்கே நீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் வாஷர்தான். குழாயில் முதலில் நட்டை ஏற்ற வேண்டும், பிறகு வாஷரை. வாஷரின் சரிந்த பக்கம் டிராப்பின் வாயைப் பார்த்தபடி இருக்க வேண்டும். குழாயைக் கோணலாக அறுத்தால் எந்த வாஷராலும் காப்பாற்ற முடியாது. நேராக அறுத்து, ஓரப் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துவிடச் சொல். நட்டைக் கையாலேயே இறுக்கினால் போதும். கசிந்தால் மட்டும் இன்னும் சற்றுத் திருப்பலாம். பெரிய ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, டிராப்பைப் பசை போட்டு ஒட்டிவிட அனுமதிக்காதே. அது ஒரு நாள் அடைக்கும், அன்று கழற்றிக் கழுவித் திரும்ப மாட்ட வேண்டும். உன் மோதிரம் விழுந்தாலும் அங்கேதான் கிடைக்கும்.

முடிந்ததும் குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிட்டு "கசியவில்லை அம்மா" என்பார்கள். அதை ஏற்காதே. தொட்டியை அடைத்து விளிம்பு வரை நிரப்பி, ஒரே தடவையில் திறந்துவிடு. கீழே பழைய செய்தித்தாளை விரித்து வை, ஒரு சொட்டு விழுந்தாலும் கறை காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு நட்டையும் உலர்ந்த தாளால் துடைத்துப் பார். பிறகு சூடான நீர் விட்டு இன்னொரு முறை.

சுவர்த் துளையின் நடு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், மேடையின் உயரம் என்ன, தொட்டியின் ஆழம் என்ன, இந்த மூன்று அளவையும் நாளைக்கே எழுதி அனுப்பு. கல் வெட்ட வருகிறவரை அதுவரை நிறுத்தி வை. படமும் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது, உன் தம்பி வரைந்ததாக மட்டும் இருக்க வேண்டாம்.

உன்
தேவகி