ஆற்றோடு கடலுக்குப் போவது

ஆசிரியர் அவர்களுக்கு,

தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றிப் பேசும்போது நுரை, நாற்றம், அமலைச்செடி என்று கண்ணுக்குத் தெரிவதோடு நிறுத்திக்கொள்கிறோம். நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி சிதையாமலே கழிவோடு வெளியேறுகிறது. அந்த மருந்தைத் தாங்கப் பழகிய பாக்டீரியாக்களும் ஆற்றோடு இறங்கிப் புன்னைக்காயலில் கடல் சேர்கின்றன. உப்புநீரில் அவை செத்தால் சரி, தொல்லை விட்டது என்று இருக்க முடியாது. மருந்தை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தால், அவை சாவதற்குள் அது கடலிலேயே வாழும் வேறு இனப் பாக்டீரியாவுக்குக்கூடக் கைமாறிவிடலாம். செத்த செல்லிலிருந்து சிதறும் டி.என்.ஏ.வையும் சில பாக்டீரியாக்கள் எடுத்துக்கொள்ளும். நம் மீனவர்கள் கால் புண்ணோடும் இறங்குகிற தண்ணீர் அது!

கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-இல் மத்திய அரசு தடை செய்தது நல்ல காரியம். அப்புறம், முகத்துவார நீரில் இந்த மரபணுக்களை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை மக்களுக்கு வெளியிட வேண்டும்.

ஒரு வாசகர், திருநெல்வேலி