மண்குதிரை பிழையில்லை: கொழும்புத் தமிழ் வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஒரு மடல்

காலை நிகழ்ச்சி நடத்தும் அறிவிப்பாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் போகும்போது, உங்களில் ஒருவர் 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பது பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டுக்குக் 'குதிர்' என்று பெயராம். 'மண் குதிரை நம்பி' என்று முன்னோர் சொன்னதை நாம் குதிரையாக்கிவிட்டோமாம். "மண் குதிரையில் யாராவது ஆறு கடப்பார்களா?" என்று சிரிப்பு வேறு. ஓட்டோக்காரரும், "ஓம் அக்கா, இவ்வளவு நாளும் பிழையாத்தான் சொல்லியிருக்கிறம்" என்றார்.

யாரும் கடக்கமாட்டார்கள்தான். அதனால்தான் அது பழமொழி! குருவி தலையில் பனங்காயை எவன் வைத்துப் பார்த்தான்?

'குதிரை நம்பி' என்பது குதிர் + ஐ, அந்த 'ஐ' வேற்றுமை உருபு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழில் அந்த உருபு மறைந்தும் வரும். 'சோறு தின்றான்' என்கிறோம் அல்லவா? 'குதிரை நம்பி' என்றாலும் அது விலங்காகவே இருக்கலாம். குதிர் என்றதும் நமக்கு நினைவு வருவது நெல் கொட்டும் மண்கூடு, 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்ற பிள்ளையின் கதை. ஆற்றிடைத் திட்டுக்குத் துருத்தி, அரங்கம் என்று பழைய பெயர்கள் உண்டு. காவிரி நடுவே திருவரங்கம் இருக்கிறதே. மண்குதிரையும் ஒன்றும் கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் ஐயனாருக்குப் புரவியெடுப்பு என்ற திருவிழாவில் நேர்ந்து வைப்பது அதைத்தானே. பார்க்கக் கம்பீரம். சுடாத மண் என்றால் தண்ணீரில் கரையும். சுட்டதென்றால் ஏறினால் உடையும்.

நான் ஒரு ஏஜென்சிக்காரனிடம் வெளிநாட்டு வேலைக்கு முற்பணம் கட்டப் போனபோது அம்மம்மா இதைத்தான் சொன்னா. ஆற்றில் இறங்காதே என்று அவ சொல்லவில்லை. எதில் ஏறி இறங்குகிறாய் என்று பார் என்றா. நான் கேட்கவில்லை. காசு போனது போனதுதான். மணல் திட்டு என்று சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

'ஆயிரம் பேரை' என்பதை 'ஆயிரம் வேரைக் கொன்றவன்' என்றும், 'சட்டியில்' என்பதை 'சஷ்டியில் இருந்தால்' என்றும் இப்படி எத்தனை திருத்தங்கள்! கொழும்பில் 1925 இலிருந்து வானொலி பேசுகிறது. வானொலியில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற சனம் நாங்கள். யாழ்ப்பாணத்தில் பல காலம் இருந்த பேர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை 1874 இல் அச்சிட்டிருக்கிறார். அப்படியான பழைய ஏடொன்றில் 'குதிர்' பாடத்தைக் கண்டால் பக்கத்தோடு சொல்லுங்கள், நானே ஓட்டோக்காரரைத் தேடிப்போய்ச் சொல்கிறேன். அதுவரை 'இப்படியும் சிலர் சொல்கிறார்கள்' என்று மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு நேயர்