விலாப்பக்கம் நில்

மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது, பதில் போடத் தாமதமாகிவிட்டது. இங்கே காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் இறங்க ஆரம்பித்துவிட்டது, கூழ் ஃபாக்டரிகளுக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் ராத்திரியெல்லாம் ஓடுகின்றன. நான் மைதானத்துக்குப் போய்ச் சேரவே ஆறரை ஆகிவிடுகிறது. உன் முழங்காலை டாக்டரிடம் காட்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் கராத்தே பழகும் பிள்ளைகள் கட்டா, அதாவது தனியாக நின்று வரிசையாகச் செய்யும் அடிமுறை, அழகாகச் செய்கிறார்கள், ஆள் எதிரே வந்தால் மட்டும் நேருக்கு நேர் நின்று அடி வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தாய். நம்மையும் அப்படித்தானே பழக்கினார்கள்? அவன் குத்தினால் நேராகப் பின்னால் போய்த் தடு என்பார்கள். முன்னால் பாய்கிற காலைவிடப் பின்னால் போகிற கால் மெதுவு, அதனால் முதல் குத்தைத் தடுத்தாலும் இரண்டாவது வந்து விழும். என் முன்பல் போனது அப்படித்தான், உனக்கே தெரியும்.

எங்கள் அப்பா எருது கட்டப் போகும்போது சொல்வார், கொம்புக்கு நேரே நிற்காதே, பின்னங்காலுக்கும் நேரே நிற்காதே, முன்னத்தங்கால் ஓரமாக விலாவை ஒட்டி நில் என்று. பொங்கல் கழிந்து நம் ஊர்ப்பக்கம் எருது விடும்போது விவரம் தெரிந்த பையன்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பாயே. கராத்தேயில் தாய் சபாகி, அதாவது உடம்பை நகர்த்தி அடிக்கு விலகுவது, என்று சொல்லிக்கொடுப்பதும் அதுதான், எனக்குத்தான் புரிய இத்தனை வருஷமாயிற்று.

அவன் வலது கையால் குத்துகிறான் என்று வை. நீ பின்னால் போகாமல் உன் இடதுபுறமாகக் கோணலாக ஒரு எட்டு முன்னால் வைத்து அவன் பக்கம் திரும்பு. இப்போது அவனுடைய வலது கைக்கு வெளியே நிற்கிறாய். உன் நெஞ்சும் இரண்டு பாதமும் அவனைப் பார்க்கின்றன, அவனோ ஆளில்லாத இடத்தைப் பார்க்கிறான், அவனுடைய இடது கை உன்னை எட்டாது. உடனே அவன் முழங்கைக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்து அவன் மார்புப் பக்கமாகத் தள்ளு. மணிக்கட்டைப் பிடித்தால் உருவிக்கொள்வான், முழங்கையைத் தள்ளினால் தோளே திரும்பிவிடும். மூக்கணாங்கயிறு மாதிரி, சின்ன இடம்தான், ஆனால் மொத்த உடம்பும் அதன் பின்னால் வரும்.

அப்புறம் ஹிகிதே. கையை இடுப்புக்கு இழுப்பது கட்டாவின் அழகுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோமே, அது அவன் கையைப் பிடித்து இழுக்கிற இழுப்பு. வெறுங்கையாக இழுத்துப் பழகிய பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? ஜோடியாக நிறுத்தி, ஒருவன் சட்டைக்கையை இன்னொருவனைப் பிடித்து இழுக்கச் சொல். ஒரே நாளில் கட்டாவில் கனம் வந்துவிடும்.

நான் இப்போது தினமும் கால் மணி நேரம் ககியே செய்ய வைக்கிறேன். ஜப்பானின் ஒகினாவாத் தீவில், நாஹா ஊரில் மியாகி சோஜுன் உருவாக்கிய கோஜு-ரியூ என்ற கராத்தே பாணியில் இதற்குப் பெரிய இடம் உண்டு. இருவரும் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டிக்கொண்டு மெதுவாகத் தள்ளி இழுக்க வேண்டும், ஒட்டு விடக் கூடாது. அந்த ஒட்டுக்கு அவர்கள் முச்சிமி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் எதிராளி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தோலுக்குத் தெரிந்துவிடுகிறது.

எங்களிடம் ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று வருகிறது, நோஞ்சான். போன வாரம் தன்னைவிட ஒரு தலை உயரமான பையன் குத்த வந்தபோது ஓரமாக நகர்ந்து, முழங்கையைத் தள்ளி, தன் முன்காலை அவன் முன்காலுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவனால் திரும்பவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. அவள் அடிக்கவே இல்லை. அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மாப்ளே.

மாங்காய் வேலை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மபுரிக்கு பஸ் ஏறி வருகிறேன். ககியே நின்ற இடத்திலேயே செய்வதுதான், உன் முழங்காலுக்கும் சிரமம் இருக்காது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளே
கிருஷ்ணகிரி