செவலையை அவசரப்படுத்தாதே, அம்மிணி

தாராபுரம்,
ஐப்பசி மாதம்

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடுகிறது, எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேட்டைக்குப் போன இடத்தில் உன் நாய் செவலை பறவையை மோந்து புல்லுக்குள் நின்றான், நீ கிட்டே போவதற்குள் பாய்ந்துவிட்டான், ஃபெசன்ட் என்கிற அந்தக் கோழி இனப் பறவையின் சேவல் எட்டாத தூரத்தில் எழும்பிப் போய்விட்டது. கூட வந்தவர்கள் இந்த நாய் தேறாது, கழுத்தில் கரண்ட் பட்டை கட்டு என்றார்கள். இவ்வளவுதானே நடந்தது? அவன் பத்து மாதக் குட்டி. அந்தப் பட்டையை இந்த வருஷம் வாங்காதே. ஏன் என்று சொல்ல, நம் வீட்டில் முன்பு இருந்த ஜூலி என்ற நாயின் கதையைச் சொல்ல வேண்டும். இதுவரை உன்னிடம் அதை முழுசாகச் சொன்னதில்லை.

நம் ஊர் நாய்கள் துரத்துகிற சாதி. முயல் கண்ணில் பட்டால் ஓடும், அவ்வளவுதான். மோப்பம் பிடித்து, பறவை இருக்கிற இடத்தைச் சுட்டிக் காட்டி அசையாமல் நிற்கிற நாயை நம் பக்கம் யாரும் பார்த்ததே இல்லை. 1968ல் ஆனைமலை எஸ்டேட் ஒன்றில் வேலை பார்த்த சிநேகிதர் உன் அப்பாருக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அப்படி நின்று காட்டுகிற பாயிண்டர் சாதிக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். வெள்ளை உடம்பில் காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கும். அதுதான் ஜூலி. எனக்கு அப்போது 11 வயது.

அப்பாரு அவளை எட்டு மாதம் துப்பாக்கி பக்கமே கொண்டு போகவில்லை. கொறங்காட்டில், நம் மேய்ச்சல் நிலத்தில், சும்மா நடக்க விடுவார். கழுத்தில் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற சின்ன வெண்கல மணி. கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும்போது நாய் கண்ணுக்குத் தெரியாது, மணிச் சத்தம்தான் வழி. சத்தம் நின்றால் ஜூலி நின்றுவிட்டாள் என்று அர்த்தம். அந்த அமைதி எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

காட்டுக்குள் நுழையும் முன் அப்பாரு ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் விடுவார். தை மாதத்தில் நம் பக்கம் கீழ்க்காற்று. அதனால் மேற்கு மூலைப் படல் வழியாக நுழைந்து கிழக்கே பார்த்து நடப்போம், காற்று நாயின் மூக்கில் நேராக வந்து விழும். முதுகுப் பக்கம் காற்றடித்தால் குட்டி நாய்க்கு வாசனை எட்டாது, பறவை மேலேயே போய் முட்டிவிடும். நீ போன் பண்ணும்போது முதலில் கேட்க நினைத்தது இதுதான்: அன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது? அமெரிக்காவில் உங்கள் தெற்கு டகோட்டா சமவெளியில் காற்று சும்மாவே இருக்காதாமே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் தெற்குக் கிளுவை வேலி ஓரம் மணிச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் ஜூலி முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, வால் விறைத்து, மூக்கை வேலிக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்பாரு அன்றைக்குத்தான் இரட்டைக்குழலை முதல் தடவை எடுத்து வந்திருந்தார், சுடுகிற எண்ணம் இல்லாமல், அவள் பார்த்துப் பழகட்டும் என்று. கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து வேலிக்குள் எறிந்தேன். ஆறேழு கவுதாரி ஒரே நேரத்தில் சடசடவென்று எழும்பின. அப்பாரு பழக்க தோஷத்தில் சுட்டுவிட்டார். குழல் வாய் ஜூலியின் தலைக்கு மேலேயே இருந்தது.

அவள் ஓடிய ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாட்டு வண்டிக்கு அடியில் கிடந்து நடுங்குகிறாள். அதற்கப்புறம் சுவரிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் சத்தம் கேட்டாலே போதும், வண்டிக்கு அடியில் போய்விடுவாள்.

அப்பாரு என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். துப்பாக்கியைத் துடைத்து மாட்டிவிட்டு, வெறுங்கையோடு ஜூலியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவள் நிற்பாள், இவர் மெல்லப் போவார், கவுதாரி எழும்பிப் பறக்கும், இவர் அவள் விலாவைத் தட்டிக் கொடுப்பார். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். உன் அப்பாருக்கு அதில் இழக்க ஒன்றும் இருக்கவில்லை. ஜூலி போகும்வரை இருவரும் அப்படியேதான் நடந்தார்கள்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன். இந்த சீசன் செவலையுடையது, உன்னுடையது அல்ல. அவன் நின்று, நீ போய் எழுப்பிய சேவலை மட்டும் சுடு. அவன் பாய்ந்து கலைத்த பறவை எவ்வளவு சுலபமாக எழும்பினாலும் விட்டுவிடு. பாய்ந்தால் ஒன்றும் கிடைக்காது, நின்றால் கிடைக்கும் என்பதை அவன் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று சேவல் வரை சுடலாம் என்று சொன்னாய், ஒன்றுகூட வேண்டாம் என்று நினைத்துப் போ.

கழுத்தில் 20 அடி நைலான் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓட விடு. நின்றதும் கயிற்றின் நுனியை மிதித்துக்கொள், கத்தாதே. பின்னாலிருந்து நேராகப் போகாமல் பக்கவாட்டில் சுற்றி அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போ. பின்னாலிருந்து வந்தால் நீ தள்ளுவதாக நினைத்து அவனும் முன்னே போவான்.

இன்னொன்று. அவன் காலி இடத்தில் நின்றான் என்று சிரித்தார்களே, அது எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் பொய் சொல்லவில்லை. கவுதாரியும் அப்படித்தான், பறப்பதற்கு முன்னால் ஓடத்தான் பார்க்கும், வேறு வழியில்லாமல்தான் எழும்பும். ஃபெசன்ட் அதைவிட மோசமான ஓட்டக்காரன் என்று உன் பேச்சிலிருந்தே தெரிகிறது. கோழி, மயில், கவுதாரி, காடை, ஃபெசன்ட் எல்லாம் ஒரே குடும்பம்தானே, குணம் எங்கே போகும்? நம் மக்காச்சோளக் காட்டில் மயில் ஓடுவதை நீயே பார்த்திருக்கிறாய். வாசனை அங்கே இருந்திருக்கும், பறவை மட்டும் நழுவியிருக்கும். அப்போது அவனை மெல்ல நகர விடு, மறுபடி மோந்து பிடித்து நிற்பான்.

வெடிச் சத்தத்தில் மட்டும் ஒரு துளி அவசரமும் வேண்டாம். அன்றைக்கு யாரும் சுடவில்லை என்றாய், அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். மாப்பிள்ளையை நூறு கஜம் தள்ளி நிற்கச் சொல். செவலை ஒரு பறவையைத் துரத்தி ஓடுகிற நேரத்தில் சின்னத் துப்பாக்கியால் ஒரு தடவை சுடட்டும். அவன் காதைக்கூடத் திருப்பாமல் ஓடினால், வேறொரு நாளில் இன்னும் கொஞ்சம் கிட்டே. பயந்தால் அதோடு நிறுத்து, அதற்கப்புறம் பல வாரம் அந்தப் பேச்சே வேண்டாம். தாழப் பறக்கும் பறவையைச் சுடவே கூடாது, நாய் எகிறும். பறவைக்குக் கீழே வானம் தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காது, அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார். இங்கே நெருஞ்சியும் ஊசிப்புல்லும் மாதிரி அங்கேயும் புல் விதை தோலுக்குள் ஏறும். சீசன் ஆரம்பத்தில் வெயில் இருக்கும், தண்ணீரை நீ குடிக்கும் முன் அவனுக்குக் கொடு.

அம்மா உனக்குப் பருப்புப் பொடியும் கொள்ளும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வருகிற பையனிடம் கொடுத்து அனுப்புகிறோம். பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு துணி முடிச்சு இருக்கும். பரணில் தேடி எடுத்தேன், புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். ஜூலியின் மணி. நாக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, சத்தம் குறையவில்லை. பட்டை செவலை கழுத்துக்குப் பத்தாது, புதுசாகக் கோத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா