சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் நீ சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். வாயில் இருந்ததை விழுங்குவதற்குள் அடுத்த கவளம் கையில் தயாராக இருந்தது. நடுவில் குட்டியிடம், "சீக்கிரம், சீக்கிரம்" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அது அப்படியே நான் உன்னை விரட்டிய வார்த்தை.

ஸ்கூல் வேன் வருவதற்குள் உன் தட்டைக் காலி செய்ய வைப்பதையே பெரிய சாதனையாக நினைத்தவன் நான். கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் எழுந்திருக்க விடமாட்டேன். "போதும்பா" என்று நீ சொன்னபோதெல்லாம் அடம் பிடிக்கிறாய் என்றே நினைத்தேன். உன் வயிறு நிறைந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள் அல்லவா, அப்போதுதான் புத்தி வந்தது. ஒரு பக்கமாகவே மெல்ல வேண்டியிருந்ததால் 7 நிமிடச் சாப்பாடு 25 நிமிடம் இழுத்தது. முதல் இரண்டு நாள் ஒரே எரிச்சல். மூன்றாம் நாள், மென்றுகொண்டே இருந்தபோது வாய்க்குள் லேசாக இனித்தது. தட்டில் இனிப்பு எதுவும் இல்லை. உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வாயிலேயே உடைத்துச் சர்க்கரையாக்கத் தொடங்கிவிடுகிறது. இத்தனை வயது வரை அதற்கு நான் நேரமே கொடுத்ததில்லை. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அதுவும் அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டே!

இன்னொன்றும் கவனித்தேன். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. வயிறு விரிவதை நரம்புகள் மூளைக்குச் சொல்லும். குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் சேர்ந்து "போதும்" என்று சொல்லி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். 7 நிமிடத்தில் முடிப்பவனுக்கு அந்தச் செய்தி கை கழுவிய பிறகுதான் வந்து சேரும்.

அதற்காக மெல்லுவதை எண்ணத் தொடங்கிவிடாதே. 100 வருஷத்துக்கும் முன்பு அமெரிக்காவில் ஹோரேஸ் ஃபிளெட்சர் என்று ஒருவர், வாயில் போட்டது கூழாகும்வரை மெல்ல வேண்டும் என்று பிரசாரமே செய்தார். நமக்கு அந்தப் பைத்தியம் வேண்டாம். எண்ணினால் சாப்பாடு கணக்குப் பாடமாகிவிடும்.

காலையில் நிதானமாகச் சாப்பிடுவது யாருக்கும் முடியாது, அதை விட்டுவிடு. ராத்திரி ஒரு வேளை அப்படிச் சாப்பிட்டால் போதும். குட்டியிடம் "மெதுவாகச் சாப்பிடு" என்றும் சொல்லாதே, அதுவும் ஒரு விரட்டல்தான். நீயும் மாப்பிள்ளையும் ஒரு வாய் முழுதாக விழுங்கிய பிறகு அடுத்ததை எடுங்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். தட்டில் கொஞ்சமாக வை, வேண்டுமென்றால் கேட்கட்டும். போதும் என்றால் விட்டுவிடு. மார்க் விசாரணையெல்லாம் சாப்பிட்ட பிறகு.

அப்புறம், போன் வேறு அறையில் இருக்கட்டும். நீ என்னைக் கூப்பிடுவதே அந்த நேரத்தில்தான் என்பது எனக்குத் தெரியும். குட்டி வாயைத் துடைத்துக்கொண்டு "தாத்தா" என்பதைப் பார்க்கத்தான் நானும் காத்துக்கொண்டிருப்பேன். பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் விழித்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா