‘ராக்கெட்டியர்’ மெதுவான படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காலத்தைக் களமாகக் கொண்ட சூப்பர் ஹீரோ சாகசப் படங்களைப் பற்றிப் பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளைத் தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் படித்தேன். அவர்களில் ஒரு சாரார், இப்படங்கள் மெதுவாக நகர்கின்றன, வில்லனைப் பார்த்தால் பயமே வருவதில்லை, எல்லாம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்று எழுதியிருந்தனர். இன்னொரு சாரார், அந்தப் படங்களில் இருந்த கள்ளங்கபடமற்ற மனம் இன்றைய படங்களில் இல்லை என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் போற்றியிருந்தனர். இரு சாராரோடும் எனக்கு உடன்பாடில்லை. பழைய கார்களும் தொப்பிகளும் வந்துவிட்டதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. அவை வந்துவிட்டதாலேயே அது தூசி படிந்த படமும் ஆகிவிடாது. படத்தில் காட்டப்படும் காலத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதை நிற்குமா, விழுமா என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அதிகமாகக் குறை சொல்லப்பட்ட படத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஜோ ஜான்ஸ்டன் இயக்கி 1991 ஜூன் மாதம் வெளிவந்த ‘தி ராக்கெட்டியர்’, டேவ் ஸ்டீவன்ஸ் 1982இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதையிலிருந்து பிறந்தது. கதை நடப்பது 1938ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸில். ‘ராபின் ஹூட்’ ஒரு வாரத்துக்கு முன்னும் ‘டெர்மினேட்டர் 2’ சில நாள்களுக்குப் பின்னும் வெளியான அந்தக் கோடையில், இப்படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 4.7 கோடி டாலர் மட்டுமே வசூலித்தது. படச்செலவை வைத்துப் பார்த்தால் அது வெற்றியாகக் கருதப்படவில்லை. வசூல் குறைந்ததையே தரம் குறைந்ததற்குச் சான்றாக ஒரு வாசகர் காட்டியிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படத்தைப் பற்றி இன்று நாம் வாதிட்டுக்கொண்டிருப்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது, மெதுவான படம் என்ற குறைக்கு வருகிறேன். நாயகன் ராக்கெட்டை முதுகில் கட்டிக்கொண்டு முதன்முதலாகப் பறக்கும்போது படத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கடந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதுவரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிளிஃப் என்னும் இளம் விமானியும் பீவி என்னும் மெக்கானிக்கும் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு உருவாக்கிய பந்தய விமானம், யாரோ இரு தரப்பினருக்கிடையே நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் குண்டுபட்டு, தரையிறங்கும்போது எரிந்துபோகிறது. நட்ட ஈட்டுக்கு வழியில்லை. போதாக்குறைக்கு, சேதமான எரிபொருள் வண்டிக்கும் அவர்களே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின் சுமை இன்னும் இறங்காத ஆண்டு அது. ஆகவே, யாரோ ஒளித்துவைத்த ராக்கெட் கையில் கிடைத்ததும் கிளிஃபுக்கு உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் வரவில்லை. அதை வைத்துக் காட்சி நடத்திக் காசு சேர்த்து இன்னொரு விமானம் வாங்கலாம் என்றுதான் தோன்றுகிறது. இந்த வறுமையைக் காட்டாமல் நேரே பறக்கவிட்டிருந்தால், பின்னால் அவன் காசை மறந்து உயிரைப் பணயம் வைப்பதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

நான் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறை மேசையில் வைஸும் அரமும் கிடக்கும் ஒழுங்கைப் பார்த்தே அங்கே வேலை நடக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய பழக்கம் எனக்கு உண்டு. பீவியின் பட்டறையில் வேலை நடக்கிறது. ராக்கெட்டை மனிதன் முதுகில் கட்டுவதற்கு முன், ஒரு சிலையைக் கட்டி இரவில் சோதித்துப் பார்க்கிறார்கள். பறப்பவனின் தலையைக் காக்கவும் அவன் திரும்பும் திசையை ஆளவும் பீவி தலைக்கவசம் ஒன்றைச் செய்கிறார். அதன் உச்சியில் இருக்கும் துடுப்பு வெறும் அலங்காரம் அன்று, விமானத்தின் வால்பகுதியில் இருக்கும் சுக்கான் செய்யும் வேலையைச் செய்வதற்காக வைக்கப்பட்டது. இன்றைய படங்களில் கவசம் எங்கிருந்தோ வந்து உடம்பில் தானாக ஒட்டிக்கொள்கிறது. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளை எதற்காக, எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு அது பறக்கும்போது வரும் மகிழ்ச்சி வேறு வகையானது. அதற்குச் சற்று நேரம் செலவாகத்தான் செய்யும்.

சென்ற கோடை விடுமுறையில் பத்து வயதுப் பேரனோடு உட்கார்ந்து இப்படத்தை மீண்டும் பார்த்தேன். படத்தின் தொடக்கத்தில் கிளிஃப் சூயிங் கம்மை மென்று, நல்ல சகுனத்துக்காக விமானத்தின் மேல் ஒட்டுகிறான். நடுவில், குண்டு துளைத்து ராக்கெட்டிலிருந்து எரிபொருள் கசியும்போது, அந்தத் துளையும் சூயிங் கம்மாலேயே அடைக்கப்படுகிறது. இறுதியில் எரியும் ஆகாயக் கப்பலில், வில்லன் துப்பாக்கியை நீட்டி ராக்கெட்டைக் கேட்கிறான். கிளிஃப் அதைக் கழற்றிக் கொடுக்கிறான். கொடுப்பதற்கு முன் விரல் நுனியால் அந்தச் சூயிங் கம்மைப் பிய்த்துவிடுகிறான். அதைப் பார்த்த கணத்தில் பேரன் எழுந்து நின்று, “தாத்தா, அடைப்பை எடுத்துட்டான்!” என்று கத்தினான். வில்லனுக்கு என்ன ஆகப்போகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. யாரும் விளக்கவில்லை; வசனமும் இல்லை. இத்தனை கவனத்தோடு ஒரு சிறுவனை உட்காரவைத்த படத்தை மெதுவான படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே காட்சியை ஒட்டி இன்னொரு செய்தி. மலைமேல் இருக்கும் பெயர்ப்பலகையில் ‘ஹாலிவுட்லேண்ட்’ என்று இருப்பதைப் பிழை என ஒருவர் குறிப்பிட்டிருந்தார். அது பிழையன்று. 1923இல் மனை விற்பனை விளம்பரமாக நிறுத்தப்பட்ட அந்தப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. ‘லேண்ட்’ என்ற கடைசி நான்கு எழுத்துகள் 1949இல்தான் அகற்றப்பட்டன. படத்தில் வில்லன் அந்த நான்கு எழுத்துகளின் மேல் மோதி வெடிப்பதாகக் காட்டி, இன்று நாம் பார்க்கும் பலகைக்கு ஒரு கற்பனைக் காரணத்தைத் தந்திருக்கிறார்கள். காலத்தை அறிந்தவர்களால்தான் இப்படி விளையாட முடியும். நிஜத்தில் வாழ்ந்த விமானத் தொழிலதிபர் ஹாவர்ட் ஹியூஸின் பாத்திரத்தையும் இவ்வாறே கையாண்டிருக்கிறார்கள். அவருடைய மாபெரும் மர விமானத்தின் மாதிரியைப் பற்றிக்கொண்டு கிளிஃப் தப்பிக்கும்போது, அது பறக்கும் என்று ஹியூஸ் வியந்துபோகிறார். நிஜ விமானம் 1947 நவம்பர் 2ஆம் நாள் ஒரே ஒருமுறை தண்ணீருக்கு மேல் எழும்பியதை அறிந்தவர்களுக்கு அந்த இடம் இன்னும் இனிக்கும்.

வில்லனைக் கண்டு பயம் வரவில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. டிமதி டால்டன் நடித்த பாத்திரம், அமெரிக்கர்கள் திரையில் கொண்டாடும் வாள்வீச்சு நாயகன். மறைவில் நாஜிகளின் ஆள். மக்கள் கைதட்டி வரவேற்கும் முகமே உளவாளியின் முகமாக இருப்பது 1938இல் பொருந்துவதுபோல் வேறெந்தக் காலத்திலும் பொருந்தாது. ராக்கெட் கட்டிய படைவீரர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்து வருவதாகக் கருப்பு வெள்ளைக் கார்ட்டூன் துண்டு ஒன்று படத்துக்குள் காட்டப்படுகிறது. அதுவரை விளையாட்டுப் பொருளாகத் தெரிந்த ராக்கெட் எதற்காகக் களவாடப்பட்டது என்பது அந்த ஓரிரு நிமிடங்களில் விளங்கிவிடுகிறது. வில்லனுக்குக் கூலிக்கு வேலை செய்த கொள்ளைக் கூட்டத் தலைவன், அவன் நாஜி என்று தெரிந்ததும் துப்பாக்கியை அவன் பக்கமே திருப்பும் காட்சிக்கு நான் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்காருகிறேன்.

எல்லாவற்றையும் போற்றுவோருக்கு நான் சொல்ல விரும்புவது 1996இல் வந்த ‘தி ஃபாண்டம்’ படத்தைப் பற்றி. இதை எழுதக் கைக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. ஏனெனில் லீ ஃபாக் 1936இல் படைத்த அந்த முகமூடி வீரனைச் சித்திரக்கதைகளில் படித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. தமிழில் வேதாளன் என்றும், பிற்பாடு ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் அவர் வந்தார். மண்டையோட்டு மோதிரத்தின் குத்து தாடையில் பதியும் படத்தை நோட்டில் வரையாத நண்பர்கள் எனக்கு இல்லை. பில்லி ஸேன் அந்த ஊதா உடையைக் கூச்சமின்றி அணிந்து, சிரித்த முகத்தோடு நடித்ததை மனமாரப் பாராட்டுகிறேன்; வாசகர் சிலர் அந்த நிறத்தைக் கேலி செய்தது எனக்கு வருத்தமே. ஆனாலும் கதை 1938இல் நடப்பதாக வைத்துவிட்டு, ஐரோப்பிய ஆட்சிகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கோலோச்சிய காலத்தில், காட்டு மக்களின் நம்பிக்கையால் ஒரு வெள்ளையர் பரம்பரை பரம்பரையாகக் காவலராக இருப்பதன் பொருள் என்ன என்று அந்தப் படம் ஓரிடத்திலும் கேட்கவில்லை. இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் இக்கதைகளை இந்தியாவில் வெளியிடத் தொடங்கியபோது, நம் வங்காளத்தோடு குழப்பம் வராமலிருக்க, ஃபாண்டம் வாழும் ‘பெங்கல்லா’ என்னும் கற்பனை நாட்டின் பெயரை ‘டெங்காலி’ என்று மாற்றினார்கள். இந்தக் கதைகளை இந்நாட்டு மக்கள் எப்படிப் படிப்பார்கள் என்று அச்சிட்டவர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு படம் எடுத்தவர்கள் அந்த யோசனைக்கு நேரம் ஒதுக்கவில்லை.

2004இல் வந்த ‘ஸ்கை கேப்டன்’ கண்ணுக்கு விருந்து; எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஆகாயக் கப்பல் வந்து நிற்கும் தொடக்கம் மறக்க முடியாதது. ஆனால் நடிகர்களைத் திரைக்கு முன் நிறுத்தி மற்ற அனைத்தையும் கணினியில் வரைந்த அந்தப் படத்தில், 1939 என்பது தீட்டப்பட்ட சுவராகவே நின்றுவிட்டது. அந்த ஆண்டில் வாழும் ஒருவருக்கு இருந்திருக்கக்கூடிய அச்சம் எதுவும் அதில் வரும் எவருக்கும் இல்லை.

ஜோ ஜான்ஸ்டனே இருபது ஆண்டுகள் கழித்து, 2011இல், ‘கேப்டன் அமெரிக்கா’வின் முதல் படத்தை இயக்கினார். ஊசி மருந்தால் வலிமை பெற்ற வீரனைப் போருக்கு அனுப்பாமல், நடனக் குழுவோடு ஊர் ஊராகப் போர்ப் பத்திரம் விற்க அனுப்புகிறார்கள்; இத்தாலியில் நிஜமான படைவீரர்கள் முன் அதே வேடத்தோடு போய் நின்று அவன் அவமானப்படுகிறான். அந்த அவமானம் 1943இன் அவமானம். 2017இல் வந்த ‘வொண்டர் உமன்’ முதல் உலகப் போரைக் களமாகக் கொண்டது. அதில் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர், தம் மக்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்தவர்கள் தம்மோடு வரும் நாயகனின் மக்களே என்று அமைதியாகச் சொல்கிறார். சாகசம் ஒரு நொடியும் குறையவில்லை. ஃபாண்டம் படத்தில் நான் தேடிக் கிடைக்காதது அங்கே ஒரே வரியில் கிடைத்தது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ராக்கெட்டியர்’ பற்றிய அந்தப் பக்கத்தில் நடிகர்களின் பெயர்கள் அனைத்தும் இருந்தன. டேவ் ஸ்டீவன்ஸின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. சிறுவயதில் பார்த்த பழைய திரைத் தொடர்களின் மேலிருந்த பற்றால் அந்தத் தலைக்கவசத்தையும் தோல் சட்டையையும் கோடு கோடாக வரைந்து உருவாக்கியவர் அவர். 2008இல், தம் 52ஆம் வயதில், இரத்தப் புற்றுநோயால் காலமானார். அடுத்த இணைப்பில் அவரைப் பற்றி அரைப் பக்கமேனும் எழுதி, அவர் வரைந்த படம் ஒன்றையும் அதனோடு வெளியிட வேண்டுகிறேன். பேரனுக்குக் காட்டுவதற்காக அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.