ஞாயித்துக்கிழமை கணக்கு

மீனுக்குட்டி,

நல்லா இருக்கியாம்மா? வேளாவேளைக்கு சாப்பிடு. நாலு ஞாயிறா நீ போன் பண்ணல, "பிஸிப்பா"ன்னு மெசேஜ் மட்டும் வருது, வேலை ஜாஸ்தியா இருக்கும்னு அம்மாவை நான்தான் சமாதானப்படுத்திட்டு இருக்கேன். சித்தி வீட்டு கிரகப்பிரவேசம் நல்லபடியா முடிஞ்சுது.

நேத்து பரண்ல உன் பத்தாவது நோட்டு கிடைச்சுது. பின் அட்டைல நான் எழுதிக் குடுத்த நம்பர் அப்படியே இருக்கு, 147573952589676412927. ஞாபகம் இருக்கா? 67 ரெண்டை வரிசையா பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற 21 இலக்கம். 1644ல மெர்சென்னு ஒரு பிரெஞ்சு கணித அறிஞர் இதை பகா எண் லிஸ்ட்ல போட்டுட்டுப் போயிட்டார், இருநூறு வருஷத்துக்கு மேல அப்படியே நின்னுச்சு. 1876ல லூக்காஸ் இது பகா எண் இல்லன்னு நிரூபிச்சார், ஆனா எந்த ரெண்டு நம்பரா பிரியுதுன்னு அவருக்கே தெரியாது. வகுக்காமலே எப்படிப்பா சொல்ல முடியும்னு நீ பாதி ராத்திரி வரைக்கும் என்னை விடல. 4ல ஆரம்பிச்சு, வர்க்கம் பண்ணி ரெண்டு கழிச்சு, இந்த நம்பரால வகுத்து மீதியை எடுத்து, இப்படியே 65 தடவை போனா கடைசில சைபர் வரணும், வரலன்னா பகா எண் இல்லன்னு சொன்னேன். உடனே "ஏன்?"ன்ன. என் 31 வருஷ சர்வீஸ்ல அப்படி கேட்ட பிள்ளை நீ ஒருத்திதான்.

காரணி தெரியாமலே உள்ள பிரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்மா. போன தடவை வீடியோல உன் பின்னாடி ஷூ ஸ்டாண்டுல உன் செருப்பு மட்டும்தான் இருந்துது. சரி அது கிடக்கட்டும். ராத்திரி ரொம்ப முழிக்காத, ஒழுங்கா சாப்பிடு.

அந்த நம்பரை உடைச்சது கோல்னு ஒரு அமெரிக்க கணித அறிஞர். 1903 அக்டோபர்ல நியூயார்க்ல அமெரிக்க கணித சங்கக் கூட்டத்துல ஒரு வார்த்தை பேசாம போர்டுக்குப் போய், ஒரு பக்கம் 67 ரெண்டையும் பெருக்கி ஒண்ணு கழிச்சு, இன்னொரு பக்கம் 193707721ஐயும் 761838257287ஐயும் பெருக்கி, ரெண்டும் ஒண்ணா வந்ததும் போய் உக்காந்துட்டாராம். எத்தனை நாள் ஆச்சுன்னு கேட்டதுக்கு மூணு வருஷத்து ஞாயித்துக்கிழமைன்னாராம்.

என் ஞாயித்துக்கிழமை பூரா டியூஷனுக்கே போச்சு. நிச்சயத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிறு, பசங்க எல்லாம் போனப்புறம் நீ வந்து நின்னு "எனக்கு ஒரு வருஷம் டைம் வேணும்ப்பா"ன்ன. நான் பேப்பர் திருத்திக்கிட்டே எல்லாம் சரியாப் போகும்னுட்டேன், தலையைத் தூக்கிக்கூட பாக்கல. நீ ஏன்னு சொல்லல, நான் ஏன்னு கேக்கல. கிளாஸ்ல ஏன்னு கேக்காத பசங்களை பெஞ்சு மேல ஏத்தினவன் நான். அன்னைக்கு உன்னைக் கேட்டிருக்கணும். தப்பு என்மேலதான்ம்மா, உன்மேல இல்ல, அம்மாமேலயும் இல்ல.

ஞாயிறு டியூஷனை நிறுத்திட்டேன். காலைல இருந்து போன் என் பக்கத்துலதான் இருக்கும், உனக்கு எப்ப தோணுதோ அப்ப போடு.

அம்மா நாரத்தங்கா ஊறுகா போட்டு வச்சிருக்கா, பார்சல் அனுப்பணும். ஒரு ஆளுக்கு எடுக்கவா, ரெண்டு ஆளுக்கு எடுக்கவான்னு கேக்குறா. நான் என்னம்மா சொல்லட்டும்?

அப்பா